யூப் ஹைன்கெஸ் பெரிய கோச்சா, இல்லை ரெடிமேட் டீம் கிடைத்த அதிர்ஷ்டக்காரரா?

நள்ளிரவு ரசிகன்:
தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய ஃபைனல்களைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். நேற்று 2013 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், வெம்பிளி. பேயர்ன் 2, டோர்ட்முண்ட் 1, 89-வது நிமிஷத்தில் ராபன். பார்த்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. பெரிய கோச்சுகள் என்று யார் பேச்செடுத்தாலும் ஃபெர்குசன், சாக்கி, க்ரைஃப், கார்டியோலா என்றுதான் போகிறது. ஹைன்கெஸ் பெயரைச் சொன்னால் "ஆமாம், அவரும் இருந்தார் இல்லையா" என்கிறார்கள். இரண்டு வேறு கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வாங்கிக் கொடுத்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம், அதில் ஒருவர் இவர். 1998-ல் ரியல் மாட்ரிட், 2013-ல் பேயர்ன். என் தம்பியோ, "அது முன்பு பேயர்ன் கோச்சாக இருந்த ஃபான் ஹால் கட்டிய வீடு, இவர் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார், அவ்வளவுதான்" என்கிறான். உங்கள் கட்சி எது?

தடுப்பாட்டக்காரன்:
உங்கள் தம்பி கட்சிதான். ஷ்வைன்ஸ்டைகரை ஓரத்திலிருந்து நடு மிட்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தது ஃபான் ஹால். தாமஸ் முல்லரை நிரந்தரமாக ஆட வைத்ததும் அலாபாவை முதல் முறை இறக்கியதும் ஃபான் ஹால். 2010-லேயே அந்த டீம் ஃபைனல் ஆடிவிட்டது. இவர் 2011-ல் வந்தபோது லாம், ரிபெரி, ராபன், கோமஸ் எல்லோரும் உள்ளே இருந்தார்கள், போதாததற்கு நோயரையும் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படியும் முதல் வருஷம் ஒரு கோப்பை கூட இல்லை.

பழைய பேப்பர்:
இரண்டு பேரும் கதையைப் பின்னாலிருந்து தொடங்குகிறீர்கள். ஹைன்கெஸை 2011-லிருந்து பேசினால் ஒன்றும் பிடிபடாது. முதலில் அவர் யார் என்று பார்ப்போம்.

1945 மே மாதம், போர் முடிந்த அதே வாரத்தில், மொன்ஷென்கிளாட்பாக்கில் பிறந்தவர். அப்பா கொல்லர். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. கற்ற தொழில் சுவர்ப்பூச்சு வேலை. ஊரிலேயே இருந்த போருஸ்ஸியா கிளப்பில் ஹென்னஸ் வைஸ்வைலர் என்ற கோச்சின் கையில் சிக்கினார். சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு ஓட்டமும் தாக்குதலுமாக ஆடியதால் அந்த டீமுக்குக் குதிரைக்குட்டிகள் என்றே பெயர். 1965-ல் பேயர்னும் கிளாட்பாக்கும் ஒரே வருஷத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தன, 1969-லிருந்து 77 வரை ஜெர்மன் லீக் பட்டத்தை இந்த இரண்டு பேரும்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். நடுவில் மூன்று வருஷம் ஹனோவருக்குப் போய்விட்டு இவர் 1970-ல் திரும்பினார். அதிலும் ஒரு கொடுமை, கிளாட்பாக் முதல் முறை சாம்பியன் ஆனது அதே 1970-ல், இவர் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்! அப்புறம் 71, 75, 76, 77 என்று நான்கு பட்டம் வாங்கி ஈடுகட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

புள்ளிவிவரப் புலி:
எண்கள் என் இலாகா. பண்டஸ்லிகாவில் (ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்) 369 ஆட்டம், 220 கோல். 1974-ல் 30 கோல் அடித்து கெர்ட் முல்லருடன் முதலிடத்தைப் பகிர்ந்தார், 75-ல் 27 அடித்துத் தனியாக முதலிடம். முல்லர் 365, ஃபிஷர் 268, பல வருஷம் மூன்றாவது இடத்தில் இவர்தான் இருந்தார், லெவாண்டோவ்ஸ்கி வந்துதான் நான்காவது இடத்துக்குத் தள்ளினார். ஜெர்மனிக்கு 39 ஆட்டம், 14 கோல். 1972 யூரோ, 1974 உலகக் கோப்பை இரண்டிலும் டீமில் இருந்தார். ஆனால் 74-ல் முதல் இரண்டு ஆட்டத்தோடு சரி, ஃபைனலில் இல்லை. முல்லர் இருக்கும் காலத்தில் ஜெர்மனியில் ஸ்ட்ரைக்கராகப் பிறந்தவன் பாவம்தான்.

ரைன்கரை:
வணக்கம் எல்லோருக்கும். நான் இருக்கிற இடத்திலிருந்து கிளாட்பாக் அரை மணித்தியாலக் கார் ஓட்டம்தான், அதனால் இதில் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. இங்கே வேலை செய்யிற இடத்தில் ஒரு வயது போன ஜெர்மன்காரர் இருந்தார், அவருக்கு உதைபந்தாட்டம் என்றால் இரண்டே இரண்டு ஆட்டம்தான். ஒன்று, 1971 ஒக்டோபரில் இன்டர் மிலானை 7-1 என்று உடைத்தது. ஹைன்கெஸ் அதில் இரண்டு கோல். ஆனால் இன்டரின் போனின்சேனியா மேலே யாரோ கூட்டத்திலிருந்து ஒரு குளிர்பானத் தகரத்தை எறிந்துவிட்டான், அந்த ஆட்டமே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மிலானில் 4-2 தோல்வி, திரும்ப ஆடின ஆட்டம் 0-0, கிளாட்பாக் வெளியே. அந்த மனுஷன் இதைச் சொல்லும்போது நேற்று நடந்ததுபோல முகம் சிவக்கும். இரண்டாவது ஆட்டத்தைப் பழைய பேப்பர் அண்ணை சொல்லட்டும், எனக்குத் தெரியும் அவர் அதுக்குத்தான் காத்திருக்கிறார்.

பழைய பேப்பர்:
பிடித்துவிட்டீர்கள். 29 ஏப்ரல் 1978, சீசனின் கடைசி நாள். கிளாட்பாக்கும் கொல்ன் கிளப்பும் ஒரே புள்ளி, கோல் வித்தியாசத்தில் கொல்ன் 10 முன்னால். யாரும் கிளாட்பாக்கைக் கணக்கிலேயே வைக்கவில்லை. டுசல்டோர்ஃப் மைதானத்தில் டோர்ட்முண்டை எதிர்த்து ஆட்டம். ஹைன்கெஸ் முதல் நிமிஷத்திலேயே ஒன்று போட்டார், பாதி நேரத்தில் 6-0, முடிவில் 12-0. பன்னிரண்டு! அதில் ஐந்து இவருடையது. அந்தப் பக்கம் கொல்ன் 5-0 என்று ஜெயித்து, மூன்றே மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. ஹைன்கெஸின் கடைசி லீக் ஆட்டம் அதுதான். ஐந்து கோல் அடித்து, 12-0 ஜெயித்து, கப் இல்லாமல் ரிட்டயர் ஆன ஆள் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாரா?

டோர்ட்முண்ட் பெஞ்சில் அன்று கோச்சாக உட்கார்ந்திருந்தவர் ஓட்டோ ரெஹாகல். அடுத்த நாளே வேலை போனது. இருபத்தாறு வருஷம் கழித்து கிரீஸை வைத்து யூரோ ஜெயித்த அதே ரெஹாகல்தான்.

நள்ளிரவு ரசிகன்:
யோவ், இது எனக்குத் தெரியவே தெரியாது. 12-0 தெரியும், ரெஹாகல் என்று தெரியாது.

தடுப்பாட்டக்காரன்:
எல்லாம் சரி, அவர் பெரிய ஸ்ட்ரைக்கர் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. 75 யுஈஎஃப்ஏ கப் ஃபைனலில் ட்வென்டே ஊரிலேயே போய் ஹாட்ரிக், 5-1, ஒத்துக்கொள்கிறேன். இழையின் தலைப்பு கோச்சைப் பற்றி. 1979-ல் கோச் லாட்டெக் போனதும் 34 வயதில் கிளாட்பாக்கைக் கையில் கொடுத்தார்கள். எட்டு வருஷம் இருந்தார். எத்தனை கோப்பை? சைபர்.

பழைய பேப்பர்:
சைபர் என்பது உண்மை. அந்தச் சைபர் எப்படி வந்தது என்று பாருங்கள். 1980 யுஈஎஃப்ஏ ஃபைனலில் ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் இரண்டு ஆட்டம் சேர்த்து 3-3, வெளியூர் கோல் விதியில் (சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்தவருக்கு வெற்றி) போச்சு. 1984-ல் லீகில் ஸ்டுட்கார்ட், ஹம்பர்க், கிளாட்பாக் மூவரும் ஒரே புள்ளி, கோல் வித்தியாசத்தில் மூன்றாம் இடம். அதே வருஷம் ஜெர்மன் கப் ஃபைனலில் பேயர்னிடம் பெனால்ட்டியில் தோல்வி, பெனால்ட்டியை ஆகாசத்துக்கு அனுப்பியவர் லோதர் மத்தேயுஸ், அவர் அடுத்த சீசன் பேயர்னுக்குப் போவது அப்போதே முடிவாகிவிட்டது (கிளாட்பாக் ஆட்கள் இன்னும் அதை மறக்கவில்லை, ரைன்கரை சொல்வார்). 1985-ல் ரியல் மாட்ரிட்டை 5-1 அடித்துவிட்டு, மாட்ரிட்டில் போய் 4-0 தோற்று மறுபடியும் வெளியூர் கோலில் வெளியே. அதுவும் எந்த நேரத்தில்? வீரர்கள் ஒவ்வொருவராகப் பணக்கார கிளப்புகளுக்கு விற்கப்பட்ட நேரத்தில். இதைத் தோல்வி என்று எழுதலாம், துரதிர்ஷ்டம் என்றும் எழுதலாம், நான் இரண்டையும் எழுதுவேன்.

ரைன்கரை:
மத்தேயுஸ் விஷயம் இங்கே கதைக்கக் கூடாது, சாப்பாடு செமிக்காது.

தடுப்பாட்டக்காரன்:
துரதிர்ஷ்டம் ஒரு தடவை வரலாம், அண்ணே. நான்கு தடவை வந்தால் அதற்கு வேறு பெயர். அந்தக் காலத்து ஹைன்கெஸ் டென்ஷன் பார்ட்டி. கோபத்தில் முகம் பல்ப் மாதிரி சிவக்கும் என்று வுட்கே என்ற அவருடைய சொந்த வீரரே "ஓஸ்ராம்" என்று பட்டப்பெயர் வைத்தார், ஜெர்மனியில் அது விளக்குக் கம்பெனி பெயர். கோச்சே டென்ஷனாக இருந்தால் கடைசி நிமிஷத்தில் டீம் எப்படி நிதானமாக இருக்கும்?

புள்ளிவிவரப் புலி:
ஓஸ்ராம் தகவலுக்கு நன்றி, சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

87-ல் பேயர்ன் போனார். 89, 90 இரண்டு லீக் பட்டம். 90-ல் பட்டம் வாங்கிய கையோடு ரசிகர்கள் முன்னால் அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பை கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். 91 அரையிறுதியில் பெல்கிரேடில் ரெட் ஸ்டாருக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் அவுகென்டாலர் காலில் பட்டு சொந்த கோல், 2-2, வெளியே. அதே அக்டோபரில் வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவருக்குப் பதில் வந்த லெர்பிக்குக் கோச் அனுபவமே கிடையாது, பேயர்ன் அந்த சீசனில் பத்தாவது இடம். இவரைத் தூக்கியது தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பு என்று பேயர்ன் நிர்வாகி ஹோனஸ் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார்.

நள்ளிரவு ரசிகன்:
இங்கே எனக்கு ஒன்று தோன்றுகிறது. 91-க்கும் 2009-க்கும் இடையில் இருக்கிற பதினெட்டு வருஷம்தான் சுவாரசியமான பகுதி, அதை யாரும் பேசுவதில்லை. ஸ்பெயினில் பில்பாவோ, அப்புறம் ஃப்ராங்க்ஃபர்ட், டெனெரிஃப், மாட்ரிட், லிஸ்பன், மறுபடி பில்பாவோ, ஷால்க, மறுபடி கிளாட்பாக். கிட்டத்தட்ட நாடோடி. ஃப்ராங்க்ஃபர்ட்டில் யெபோவா, ஒக்கோச்சா, கௌடினோ மூவரோடும் பெரிய சண்டை இல்லையா?

பழைய பேப்பர்:
ஆமாம், 1994 டிசம்பர். சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று கூடுதலாக ஓடச் சொன்னார், முறைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாரில்லை என்றார்கள், மூவரையும் ஒதுக்கி வைத்தார். டீமின் உயிரே அந்த மூன்று பேர்! யெபோவா ஜனவரியிலேயே இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் போய்விட்டார், கௌடினோவும் போனார், ஏப்ரலில் ஹைன்கெஸும் போனார். அதில் ஜெயித்தவர் யாரும் இல்லை. வாத்தியார் பிரம்பை எடுத்தார், வகுப்பே காலி. இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், 2012-ல் ராபனையும் ரிபெரியையும் வைத்து மேய்த்த அதே மனுஷன்தான் இவர் என்பதை நம்ப முடியாது.

அதற்கு நடுவில் டெனெரிஃப். ஒரு தீவு, சின்ன கிளப். அதை 96-ல் ஸ்பெயின் லீகில் ஐந்தாவது இடத்துக்குக் கொண்டுபோய், அடுத்த வருஷம் யுஈஎஃப்ஏ கப் அரையிறுதி வரை இழுத்தார். என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த வேலை அதுதான், மாட்ரிட் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டது.

தடுப்பாட்டக்காரன்:
மாட்ரிட்டில் லீகில் நான்காவது இடம். அதையும் சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:
சொல்கிறேன், கூடவே 20 மே 1998 ஆம்ஸ்டர்டாமையும் சொல்கிறேன். யுவென்டஸில் சிடான், டெல் பியரோ, டேவிட்ஸ். ரியலின் மியாடோவிச் ஒரே ஒரு கோல். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 1966-க்குப் பிறகு முதல் முறையாக ரியலுக்கு ஐரோப்பியக் கோப்பை. சில நாளிலேயே, போய் வா என்றார்கள். லீகில் நான்காவது என்பது காரணம். இன்று பதினைந்து கோப்பை வைத்திருக்கும் கிளப்புக்கு ஏழாவதை வாங்கிக் கொடுத்த ஆள், சுவரில் மாட்ட ஒரு போட்டோ தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த அரையிறுதியில் டோர்ட்முண்டுக்கு எதிராக மாட்ரிட்டில் ஆட்டம் தொடங்கும் முன்பே கோல்போஸ்ட் விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 1 வேறு. வேறு கோல்போஸ்ட் கொண்டுவந்து நட்டு ஆட்டத்தைத் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது.

நள்ளிரவு ரசிகன்:
முட்டாள்கள் தினத்தில் கோல்போஸ்ட் விழுந்தால் யார் நம்புவார்கள்.

ரைன்கரை:
2006-ல் சொந்த ஊர் கிளப்புக்குத் திரும்பி வந்ததைப் பற்றியும் எழுத வேணும். எல்லோருக்கும் சந்தோசம், ஊர்ப் பிள்ளை வந்துவிட்டான் என்று. பிறகு 14 ஆட்டம் தொடர்ந்து வெற்றி இல்லை. கொலை மிரட்டல் வரை போய்விட்டது. 2007 ஜனவரி கடைசி நாள் தானாகவே விலகினார். சொந்த ஊரில் தெருவில் இறங்க ஏலாத நிலை. எல்லோரும் அத்தோடு மனுஷன் முடிந்தார் என்றுதான் நினைத்தார்கள், நாங்களும்தான். வயது 61.

புள்ளிவிவரப் புலி:
அப்புறம் 2009 ஏப்ரல். பேயர்ன் கோச் க்ளின்ஸ்மனைத் தூக்கிவிட்டு, மீதம் ஐந்து ஆட்டத்துக்கு மட்டும் வா என்று ஹோனஸ் கூப்பிடுகிறார். நான்கு வெற்றி, ஒரு டிரா, சாம்பியன்ஸ் லீக் இடம் உறுதி. அதோடு லெவர்குசன். முதல் சீசனில் 24 ஆட்டம் வரை தோல்வியே இல்லை (கடைசியில் நான்காவது இடம்தான்), இரண்டாவது சீசனில் லீகில் இரண்டாம் இடம். டோனி க்ரூஸ் பேயர்னில் இடம் கிடைக்காமல் வாடகைக்கு அங்கே வந்து ஆள் ஆனது இவர் கையில்தான். ரெடிமேட் டீம் என்று சொன்ன தம்பிக்கு இதைக் காட்டுங்கள்.

தடுப்பாட்டக்காரன்:
க்ரூஸ் சரி, கொடுத்தேன். இப்போது 2012-க்கு வாருங்கள், நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நள்ளிரவு ரசிகன்:
வேண்டாம் என்று நினைத்தேன், நீங்கள் விடமாட்டீர்கள். 19 மே 2012, சொந்த ஊரில், மியூனிக்கில் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். நம்ம ஊரில் ராத்திரி 12.15. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். 83-வது நிமிஷத்தில் தாமஸ் முல்லர் தலையால் ஒன்று போட்டார், சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்தேன். ஐந்தே நிமிஷத்தில் செல்சியின் ட்ரோக்பா. எக்ஸ்ட்ரா டைமில் ராபன் பெனால்ட்டியை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார். பெனால்ட்டி ஷூட்அவுட்டில் ஷ்வைன்ஸ்டைகர் அடித்தது கம்பத்தில். மறுநாள் ஞாயிறு, நல்லவேளை.

தடுப்பாட்டக்காரன்:
அந்த ஐந்து நிமிஷத்தில் நடுவில் என்ன நடந்தது என்று விட்டுவிட்டீர்களே. கோல் அடித்த முல்லரை வெளியே எடுத்து ஃபான் பைட்டனை உள்ளே விட்டார் உங்கள் பெரிய கோச். அடுத்த நிமிஷமே கார்னர், ட்ரோக்பா, 1-1. எக்ஸ்ட்ரா டைம் முழுக்க, ஷூட்அவுட்டில் கூட முல்லர் இல்லை. லீகில் இரண்டாவது, ஜெர்மன் கப் ஃபைனலில் டோர்ட்முண்டிடம் 5-2, இதிலும் இரண்டாவது. மூன்றிலும் இரண்டாவது!

பழைய பேப்பர்:
அந்த மாற்றம் தப்பு. நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அதே சீசனில் மொரின்யோவின் ரியலை அவர்கள் மைதானத்திலேயே பெனால்ட்டியில் தோற்கடித்துத்தான் ஃபைனலுக்கு வந்தார் என்று மட்டும் ஓரத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கேள்வி, அதற்கு அடுத்த ஒரு வருஷத்தில் என்ன மாறியது? பில்பாவோவிலிருந்து ஹவி மார்டினெஸ், 40 மில்லியன் யூரோ. அவ்வளவு விலையா என்று ஜெர்மனியே சிரித்தது, இவர் அடம்பிடித்து வாங்க வைத்தார். கிளாட்பாக்கிலிருந்து டான்டே, முன்னால் மாண்ட்சுகிச். அதைவிடப் பெரியது, ராபனும் ரிபெரியும் பின்னால் ஓடி வந்து டிஃபென்ஸ் செய்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்களை அப்படி ஓட வைத்த முதல் கோச் இவர்தான். யெபோவாவை ஓடச் சொல்லி டீமையே இழந்தவர், பதினெட்டு வருஷம் கழித்து இந்த இரண்டு பேரையும் மனசார ஓட வைத்தார். பிரம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த வருஷம் ராபன் பாதி சீசன் பெஞ்சில்தான், முல்லரும் க்ரூஸும் ரிபெரியும் முன்னால் ஆடினார்கள். ஏப்ரலில் யுவென்டஸ் ஆட்டத்தில் க்ரூஸுக்குக் காயம், ராபன் உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்த காலத்தில் ராபன் முறைத்துக்கொண்டு போகாமல் இருந்ததே கோச்சின் வேலை. வெம்பிளியில் 89-வது நிமிஷம் அங்கேதான் தொடங்கியது.

புள்ளிவிவரப் புலி:
2012-13 லீக்: 91 புள்ளி, 98 கோல் அடித்து 18 வாங்கியது, இரண்டாவது வந்த டோர்ட்முண்டைவிட 25 புள்ளி மேலே. ஏப்ரல் 6-ம் தேதியே, 28-வது ஆட்டத்தில், பட்டம் முடிந்தது. பார்சிலோனாவை 4-0, 3-0, சேர்த்து ஏழு. ஜூன் 1 பெர்லினில் ஸ்டுட்கார்ட்டை 3-2. ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பையும் வென்ற முதல் ஜெர்மன் கிளப்.

இத்தனையும் எப்படி என்றால், ஜனவரி 16-ம் தேதியே அடுத்த சீசன் கார்டியோலா வருகிறார் என்று கிளப் அறிவித்துவிட்டது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் வேலை போகப்போகிற ஆள் செய்தது.

நள்ளிரவு ரசிகன்:
தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான் போலிருக்கிறது. எல்லோரும் அடுத்து வரப்போகிறவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்ததைப் பார்க்க ஆளில்லை.

ரைன்கரை:
அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் எங்கே என்று தெரியுமா? கிளாட்பாக்கில்! 18 மே 2013. பத்து நிமிசத்தில் பேயர்ன் 3-1 பின்னால், முடிவில் 4-3 வெற்றி. வீரராகவும் கோச்சாகவும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் பண்டஸ்லிகா ஆட்டம் கண்ட மனுஷன், அந்தக் கணக்கில் ரெஹாகல் மட்டும்தான் இவருக்கு மேலே. எங்கே தொடங்கினாரோ அந்த ஊரிலேயே முடிக்கிறார், ஆறு வருசத்துக்கு முன் கொலை மிரட்டல் விட்ட அதே ஊர் எழும்பி நின்று கை தட்டுது. பத்திரிகையாளர் சந்திப்பில் அழுதுவிட்டார், கதைக்க முடியவில்லை. ஓஸ்ராம் அன்றைக்கும் சிவந்துதான் இருந்தார்.

தடுப்பாட்டக்காரன்:
சரி, எனக்கும் கல் மனசு இல்லை. ஆனால் முடிக்கவில்லையே? 2017-ல் திரும்ப வந்தாரே.

புள்ளிவிவரப் புலி:
பேயர்ன் பாரிஸில் 3-0 தோற்றதும் கோச் ஆன்சலோட்டியைத் தூக்கினார்கள். ஹோனஸ் மறுபடி போன். வயது 72, பண்ணை வீடு, கண்டோ என்ற நாய், நாலு வருஷமாக வேலையே இல்லாத மனுஷன். வந்தபோது டோர்ட்முண்டைவிட 5 புள்ளி பின்னால், முடித்தபோது இரண்டாவது வந்த ஷால்கயைவிட 21 புள்ளி முன்னால். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 4-3 என்று சேர்த்துத் தோல்வி, அதில் கோல்கீப்பர் உல்ரைக் கோட்டைவிட்ட அந்த ஒன்று இன்னும் வலிக்கிறது. கடைசி ஆட்டம் 2018 மே, ஜெர்மன் கப் ஃபைனல், ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் 3-1 தோல்வி. ஃப்ராங்க்ஃபர்ட்டின் கோச் நிக்கோ கோவாச், அடுத்த சீசன் இவருடைய நாற்காலிக்கு வருவதாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தவர்.

பழைய பேப்பர்:
84-ல் மத்தேயுஸ், 2018-ல் கோவாச். பேயர்னுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற ஆள் கப் ஃபைனலில் குறுக்கே வந்தாலே இவருக்கு ஆகாது.

ரைன்கரை:
மத்தேயுஸ் பெயர் சொல்ல வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்னேன்.

நள்ளிரவு ரசிகன்:
இழை முழுவதையும் தம்பிக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முல்லரை வெளியே எடுத்தது தப்பு."

தடுப்பாட்டக்காரன்:
உங்கள் தம்பியை இங்கே சேரச் சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:
நாளை ரெஹாகலுக்குத் தனி இழை தொடங்குகிறேன். 12-0-விலிருந்துதான் ஆரம்பம்.